ஹெபடைடிஸ் சி: எகிப்தின் முதியவர்கள் நமக்குச் சொல்லும் பாடம்

2023 அக்டோபர் 9 அன்று உலக சுகாதார நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஹெபடைடிஸ் சி நோயை ஒழிக்கும் பாதையில் 'தங்க நிலை' அங்கீகாரம் பெறும் உலகின் முதல் நாடு எகிப்து என்பதே அந்த அறிவிப்பு. ஒரு காலத்தில் உலகிலேயே இந்நோய் மிக அதிகமாகப் பரவியிருந்த நாடுகளில் ஒன்று இதே எகிப்துதான். மக்களில் பத்துப் பேருக்கு ஒருவர் என்றிருந்த பாதிப்பு, பத்தாண்டுகளைச் சற்றே கடந்த காலத்துக்குள் 0.38 சதவீதமாகக் குறைந்தது.

இச்சாதனையைப் பாராட்டுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. இந்நோய் எகிப்தியர்களுக்கு எப்படி வந்தது, ஏன் அது முதியவர்களின் நோயாக மாறியது, எழுபது வயதைத் தாண்டியவரையும் அதிலிருந்து எப்படி மீட்க முடிந்தது என்பவை, நம் வீட்டுப் பெரியவர்களின் நலனோடும் நேரடியாகத் தொடர்புடைய கேள்விகள்.

நைல் நதியும் பில்ஹார்சியாவும்

எகிப்தின் உயிர்நாடி நைல் நதி. அதன் கால்வாய்களில் இறங்கி வேலை செய்யும் விவசாயிகளையும், குளித்து விளையாடும் சிறுவர்களையும் தொன்றுதொட்டு வாட்டிய நோய் பில்ஹார்சியா. நன்னீர் நத்தைகளில் வளரும் ஓர் ஒட்டுண்ணி, நீரில் இறங்குபவரின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகிறது. பின்னர் சிறுநீர்ப்பையையோ குடலையோ கல்லீரலையோ அது பாதிக்கிறது. 1851-ல் கெய்ரோவில் இந்தப் புழுவைக் கண்டறிந்த ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸின் பெயராலேயே இந்நோய் அழைக்கப்படுகிறது. அரபுலகம் கொண்டாடிய பாடகர் அப்துல் ஹலீம் ஹாஃபிஸ், சிறுவயதில் தொற்றிய பில்ஹார்சியாவால் வாழ்நாள் முழுவதும் அவதிப்பட்டு 1977-ல் தமது 47-வது வயதில் இறந்தார்.

இந்நோய்க்கு அப்போது இருந்த முக்கிய மருந்து, ஆன்டிமனி என்னும் உலோகம் கலந்த டார்ட்டார் எமெடிக். இதை நரம்பு வழியே ஊசியாகத்தான் செலுத்த முடியும். ஒரு முறை சிகிச்சை பெற 12 முதல் 16 ஊசிகள் வரை, வாரம் ஒன்றாகப் போட்டுக்கொள்ள வேண்டும். 1950-களிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை எகிப்து அரசு கிராமம் கிராமமாக இந்தச் சிகிச்சையை நடத்தியது. 1964 முதல் 1969 வரையிலான ஆண்டுகளில் மட்டும், ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் நோயாளிகளுக்கு 20 இலட்சத்துக்கும் அதிகமான ஊசிகள் போடப்பட்டன.

நோக்கம் நல்லது. மருந்தும் பலருக்குப் பலனளித்தது. ஆனால் அன்று ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் சிரிஞ்சுகள் கிடையாது. கண்ணாடிச் சிரிஞ்சுகளே ஒருவர் மாற்றி ஒருவருக்குப் பயன்பட்டன. கூட்டம் அதிகம், நேரம் குறைவு. கிருமி முழுமையாக அழியும் அளவுக்கு அவை கொதிக்க வைக்கப்படவில்லை. ஒருவர் இரத்தத்தில் இருந்த வைரஸ் அடுத்தவருக்கும், அவரிடமிருந்து அதற்கடுத்தவருக்கும் சென்றது.

1980-களில் பிராஸிகுவான்டெல் என்ற மாத்திரை வந்ததும் இந்த ஊசிகள் கைவிடப்பட்டன. பில்ஹார்சியாவும் பெருமளவு குறைந்தது. ஆனால் ஊசி வழியே நுழைந்த வைரஸ் போகவில்லை. ஒரு நோயைத் தீர்க்கச் சென்றவர்கள், தமக்கே தெரியாமல் மற்றொரு நோயைச் சுமந்து வீடு திரும்பியிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இந்தத் தொடர்பை விரிவாக எடுத்துக்காட்டியது.

பெயர் தெரியாமலே பரவிய கிருமி

இதில் அன்றைய மருத்துவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அப்போது இந்த வைரஸ் இருப்பதே உலகுக்குத் தெரியாது. 1970-களில் அமெரிக்காவின் ஹார்வி ஆல்ட்டர், இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வரும் கல்லீரல் அழற்சிகளில் பெரும்பாலானவை ஏ வகையும் அல்ல, பி வகையும் அல்ல என்று கண்டறிந்தார். 1989-ல்தான் மைக்கேல் ஹௌட்டனும் அவருடைய குழுவினரும் அந்த வைரஸை அடையாளம் கண்டு 'சி' என்று பெயரிட்டனர். அந்த வைரஸ் மட்டுமே நோயை உண்டாக்கும் என்பதைச் சார்லஸ் ரைஸ் நிரூபித்தார். இம்மூவருக்கும் 2020-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த வைரஸின் ஆபத்தே அதன் மௌனம்தான். தொற்றியவுடன் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. ஏறத்தாழ நூற்றில் முப்பது பேருக்கு ஆறு மாதங்களுக்குள் சிகிச்சை இல்லாமலேயே அது நீங்கிவிடுகிறது. மீதி எழுபது பேருக்கு அது நாள்பட்ட தொற்றாகத் தங்கிவிடுகிறது. அவர்களும் உண்கிறார்கள், உழைக்கிறார்கள், பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். ஆனால் உள்ளே கல்லீரல் சிறிது சிறிதாகத் தழும்பேறுகிறது. நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு, இருபது ஆண்டுகளுக்குள் 'சிரோசிஸ்' எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் வரும் வாய்ப்பு உள்ளது.

இருபது வயதில் ஊசி போட்டுக்கொண்டவருக்கு அதன் விளைவு ஐம்பதிலோ அறுபதிலோ எழுபதிலோதான் தெரியவருகிறது. எகிப்தில் வயது கூடக்கூடத் தொற்று விகிதமும் கூடியிருந்தது. 2008-ல் அங்கு நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையிலானவர்களில் 14.7 சதவீதத்தினரின் இரத்தத்தில் இக்கிருமிக்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. இளைஞர்களைவிட ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் இது பல மடங்கு அதிகமாக இருந்தது.

முதுமையில் அது எப்படி வெளிப்படுகிறது?

கல்லீரல் மிகவும் பொறுமையான உறுப்பு. பெரும்பகுதி கெட்டுப்போன பின்பும் மிச்சமிருக்கும் பகுதியைக் கொண்டு அது சமாளித்துக்கொண்டே இருக்கும். சமாளிக்க முடியாத கட்டத்தில்தான் அறிகுறிகள் வரும். வயிற்றில் நீர் கோத்து வீங்குதல், கால் வீக்கம், கண்ணிலும் தோலிலும் மஞ்சள் நிறம், உடல் அரிப்பு, பசியின்மை, தசை மெலிதல் ஆகியவை அவற்றில் சில. உணவுக் குழாயில் புடைத்த இரத்த நாளம் வெடித்து இரத்த வாந்தி வருவதும், மலம் தார் போலக் கருத்துப் போவதும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய ஆபத்துகள்.

முதியவர்களிடம் எளிதில் தவறவிடப்படும் அறிகுறி ஒன்று உண்டு. கெட்டுப்போன கல்லீரல் இரத்தத்திலுள்ள நச்சுகளை வடிகட்ட முடியாதபோது அவை மூளையைப் பாதிக்கின்றன. பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சில் தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல், நீட்டிய கைகள் படபடவென்று ஆடுவது என இது தொடங்கும். வீட்டில் உள்ளவர்கள் 'வயதாகிவிட்டது, மறதி' என்று விட்டுவிடுகிறார்கள். கல்லீரல்தான் காரணம் என்று தெரிந்தால் இதற்கு மருந்து உண்டு. பெரும்பாலும் மலச்சிக்கலைச் சரிசெய்து, நச்சைக் குறைக்கும் மருந்துகள் கொடுத்தாலே அவர் தெளிவடைவார்.

மற்றொரு வேதனை, சமூகத்தின் பார்வை. கல்லீரல் கெட்டது என்றவுடன் 'குடித்திருப்பார்' என்ற எண்ணமே முதலில் எழுகிறது. வாழ்நாளில் மதுவைத் தொட்டிராத ஒரு மூதாட்டிக்குச் சிரோசிஸ் என்று மருத்துவர் சொல்லும்போது, குடும்பமே வெட்கி அதை மறைக்கப் பார்க்கிறது. எகிப்தின் இலட்சக்கணக்கான விவசாயிகளின் கல்லீரலைக் கெடுத்தது மது அல்ல, மருத்துவ ஊசி. இதை உணர்ந்தால், நோயாளியிடம் குற்றம் தேடும் பழக்கம் எவ்வளவு அநியாயமானது என்பது நமக்குப் புரியும்.

மருந்து வந்தது, விலை தடுத்தது

முன்பு இந்நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. சிகிச்சை ஓராண்டு வரை நீடித்தது. காய்ச்சல், இரத்தசோகை, மனச்சோர்வு என்று பக்கவிளைவுகள் கடுமையாக இருந்தன. இவ்வளவையும் தாங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மட்டுமே குணமடைந்தனர். முதியவர்களும் சிரோசிஸ் முற்றியவர்களும் 'உங்கள் உடல் தாங்காது' என்று திருப்பி அனுப்பப்பட்டனர். நோய் அதிகமிருந்த வயதினருக்கே சிகிச்சை கிடைக்கவில்லை.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர் மாத்திரை இந்நிலையை மாற்றியது. இம்மருந்தை உருவாக்கிய நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ரேமண்ட் ஷினாஸி, எகிப்தின் அலெக்ஸாண்டிரியாவில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. வைரஸ் பெருகுவதை நேரடியாகத் தடுக்கும் இவ்வகை மாத்திரைகள், பெரும்பாலும் 12 வாரங்களில் 95 சதவீதத்துக்கும் அதிகமானோரைக் குணப்படுத்துகின்றன. பக்கவிளைவுகளும் மிகக் குறைவு. வயதானவர்களிடமும் இளைஞர்களிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இவை பலனளிக்கின்றன.

ஆனால் அப்போது அமெரிக்காவில் 12 வாரச் சிகிச்சையின் விலை 84,000 டாலராக இருந்தது. எகிப்து அரசு மருந்து நிறுவனத்துடன் பேச்சுவார்த்தை நடத்தி, 2014-ல் அதே சிகிச்சையை 900 டாலருக்குப் பெற்றது. சிகிச்சைக்குப் பதிவு செய்ய இணையதளம் திறக்கப்பட்ட முதல் சில நாட்களிலேயே இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தனர். பின்னர் உள்நாட்டு நிறுவனங்களே மருந்தைத் தயாரிக்கத் தொடங்கின. சிகிச்சைச் செலவு நூறு டாலருக்கும் கீழே இறங்கியது.

நோயாளியைத் தேடிச் சென்ற அரசு

மருந்து மலிவானதும் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. நோய் இருப்பது தெரிந்தவர்கள் வந்து சிகிச்சை பெற்றுக்கொண்டார்கள். தெரியாதவர்கள்தான் அதிகம். அவர்கள் எப்படி வருவார்கள்?

'10 கோடி ஆரோக்கிய வாழ்வு' என்ற பொருள்படும் பெயருடன் 2018 அக்டோபரில் மாபெரும் பரிசோதனை இயக்கத்தை எகிப்து தொடங்கியது. 18 வயது நிரம்பிய அனைவரும் இதில் அழைக்கப்பட்டனர். மேல் வயது வரம்பு ஏதும் வைக்கப்படவில்லை. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, சில நிமிடங்களில் முடிவு சொல்லப்பட்டது. கூடவே இரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன் ஆகியவையும் பார்க்கப்பட்டன. 2019 ஏப்ரல் வரையிலான ஏழு மாதங்களில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களில் சுமார் 22 இலட்சம் பேருக்கு எதிர்ப்பொருள் இருப்பது தெரியவந்தது. அடுத்த கட்டச் சோதனையில் வைரஸ் உறுதியானவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது. சிகிச்சையின் முடிவு பதிவாகியிருந்தவர்களில் 98.8 சதவீதத்தினர் குணமடைந்திருந்தனர்.

முந்தைய ஆண்டுகளையும் சேர்த்து, 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட எகிப்தியர்கள் சிகிச்சை பெற்றுள்ளனர். தொற்றுள்ளவர்களில் 87 சதவீதத்தினர் கண்டறியப்பட்டு, அவர்களில் 93 சதவீதத்தினருக்குச் சிகிச்சையும் கிடைத்துவிட்டது என்பதை உறுதிசெய்த பிறகே உலக சுகாதார நிறுவனம் அந்த அங்கீகாரத்தை வழங்கியது. கிராமங்களுக்கு ஊசியைக் கொண்டுசென்று நோயைப் பரப்பிய அதே அரசு, அரை நூற்றாண்டுக்குப் பின் அதே கிராமங்களுக்கு மாத்திரையைக் கொண்டுசென்று கடனைத் தீர்த்தது என்று சொல்லலாம்.

வைரஸ் போனாலும் கவனம் போகக் கூடாது

எனினும் எகிப்தின் கதை அதோடு முடியவில்லை. அங்கு ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இன்றும் கல்லீரல் புற்றுநோய்தான். மாத்திரை வைரஸை நீக்கும். ஏற்கெனவே தழும்பேறிய கல்லீரலை அது முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. எனவே முதியவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் பின்வருவனவற்றை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, பரிசோதனை இரண்டு கட்டங்களைக் கொண்டது. எதிர்ப்பொருள் சோதனை, கிருமி எப்போதாவது உடலில் நுழைந்ததா என்பதை மட்டுமே காட்டும். இப்போதும் வைரஸ் இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. சோதனைதான் சொல்லும். குணமடைந்த பின்பும் எதிர்ப்பொருள் வாழ்நாள் முழுவதும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நோய் திரும்பிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. வழக்கமான கல்லீரல் இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதற்காக இக்கிருமி இல்லை என்று முடிவு செய்துவிடவும் கூடாது.

இரண்டாவது, சிகிச்சைக்கு முன் ஹெபடைடிஸ் பி சோதனையும் அவசியம். பி வைரஸ் மறைந்திருந்தால், சி வைரஸ் நீங்கும்போது அது தலைதூக்கக் கூடும்.

மூன்றாவது, பெரியவர் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மருந்தோடு சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் நாடித் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். சில வலிப்பு மாத்திரைகளும் காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் இம்மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். சில கொழுப்பு மாத்திரைகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். வைரஸ் நீங்கும்போது சிலருக்கு இரத்தச் சர்க்கரையும் குறையும் என்பதால், சர்க்கரை நோயாளிகள் அதை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, சிரோசிஸ் ஏற்பட்டவர்கள் வைரஸ் நீங்கிய பின்பும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லீரல் புற்றுநோய் சிறிதாக இருக்கும்போதே பிடிபட்டால் குணமாக்கும் வழிகள் உண்டு. 'குணமாகிவிட்டது' என்ற சொல்லைக் கேட்டதும் பலர் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. ஆபத்து அங்குதான் இருக்கிறது.

ஐந்தாவது, மூட்டு வலிக்காகக் கடையில் வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரைகள் சிரோசிஸ் நோயாளிகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் இரத்தக் கசிவை உண்டாக்கவும் கூடும். என்னென்ன சேர்கின்றன என்று தெரியாத சூரணங்களும் லேகியங்களும் அவ்வாறே தவிர்க்கப்பட வேண்டியவை. பத்தியம் என்ற பெயரில் பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றை நிறுத்திவிடுவதும் தவறு. தசை மெலிவதைத் தடுக்கப் புரதம் தேவை. வயிற்றில் நீர் கோத்திருந்தால் குறைக்க வேண்டியது உப்பு. நீண்ட நேரம் பட்டினி இருப்பதும் இவர்களுக்கு நல்லதல்ல. ரமலானில் நோன்பு வைக்கலாமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியிருக்கும்போது, உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

எப்படிப் பரவும், எப்படிப் பரவாது?

இது இரத்தத்தின் வழியே பரவும் நோய். ஒரே தட்டில் உண்பதாலும், முஸாஃபஹா செய்வதாலும், கட்டித் தழுவுவதாலும், இருமுவதாலும் பரவாது. எனவே நோயுற்ற வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ தனித் தட்டு, தனிக் குவளை வைத்து அவர்களை ஒதுக்குவது தேவையற்ற கொடுமை. ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசி ஆகியவற்றை மட்டும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. உலர்ந்த இரத்தத்திலும் இந்த வைரஸ் பல நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும்.

ஹிஜாமா செய்துகொள்வோர், ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடும் புதிய கப்பும் பயன்படுத்தப்படுவதைக் கண்ணெதிரே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஹஜ், உம்ரா செல்பவர்கள் தலைமுடி மழிக்கும்போது, அனுமதி பெற்ற நாவிதரிடம் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளேடால் மழித்துக்கொள்ள வேண்டும். தெருவோரத்தில் ஒரே பிளேடால் பலருக்கு மழிப்பவரிடம் தலையைக் கொடுக்கக் கூடாது. கத்னா, காது குத்துதல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஹெபடைடிஸ் சி-க்கு இதுவரை தடுப்பூசி இல்லை. கருவிகளின் தூய்மையே தடுப்பு.

நாம் செய்ய வேண்டியது

கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்க வைத்து ஊசி போட்ட காலம் நம் ஊர்களிலும் இருந்தது. நம் பெரியவர்களில் பலர் அக்காலத்தைக் கடந்து வந்தவர்கள். இரத்த வங்கிகளில் இக்கிருமிக்கான சோதனை இல்லாத 1990-களிலும் அதற்கு முன்பும் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், பிரசவத்திலோ விபத்திலோ பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், காரணம் தெரியாமல் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள் ஆகியோர் வாழ்வில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது அவசியம்.

இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரைகளும் இலவசமாக வழங்கப்படுகின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரிக்கலாம். இன்டர்ஃபெரான் காலத்தில் 'உங்களுக்குச் சிகிச்சை ஒத்துவராது' என்று சொல்லப்பட்டவர்கள் மீண்டும் ஒருமுறை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அன்று சொன்ன காரணம் இன்று பெரும்பாலும் பொருந்தாது.

2022-ஆம் ஆண்டு நிலவரப்படி, உலகில் 5 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் சி தொற்றுடன் வாழ்வதாகவும், அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ 2,42,000 பேர் இதனால் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. குணப்படுத்தும் மாத்திரை இருந்தும் ஏற்படும் மரணங்கள் இவை. தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள் இவர்களில் ஏராளம்.

'இந்த வயதில் இனி என்ன பரிசோதனை' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு நாமும் விட்டுவிடுகிறோம். எகிப்து தன் முதியவர்களை அப்படி விட்டுவிடவில்லை. நம் வீட்டில் இருப்பவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது அதைவிட மிக எளியது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க அடுத்த முறை அவர்களை அழைத்துச் செல்லும்போது, ஹெபடைடிஸ் சி சோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லிக் கேட்போம்.